உன் செல்லிலே உனக்கு மருந்து: சியோலில் சொன்ன பொய், ஓரிகனில் நடந்த மெய்

(நமது மும்பை நிருபர்)

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டீசை என் மேஜை மேல் வைத்தார் அந்த அண்ணாச்சி.

எங்கள் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிப் பிழைப்பவர் அவர். ஊர் சாத்தான்குளம் பக்கம். மும்பைக்கு வந்து 30 ஆண்டு ஆகிறது. அவருடைய மூத்த மகன் கட்டிட வேலைக்குப் போன இடத்தில் சாரத்தில் இருந்து தவறி விழுந்தான். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இது நடந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பையனுக்கு வயது 22 தான்.

நோட்டீஸ் இந்தியில் இருந்தது. "உங்கள் உடம்பில் இருந்தே எடுத்த ஸ்டெம் செல்! முதுகுத் தண்டு, சர்க்கரை வியாதி, கண் பார்வை அனைத்துக்கும் தீர்வு!" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஒரு டெலிபோன் நம்பர். அண்ணாச்சி ஏற்கனவே போன் செய்து விசாரித்து விட்டார்.

"மூணு லட்சம் ஆகுமாம். ஊர்ல ஒரு மனை கிடக்கு. அதை வித்துரலாம்னு பாக்கேன். இது நெசமா தம்பி?"

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த குமாஸ்தா. டாக்டர் அல்ல. ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் நமக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஒரு வாரம் டைம் கேட்டேன். லைப்ரரிக்குப் போனேன். தெரிந்த டாக்டர் ஒருவரை இரண்டு மாலை உட்கார வைத்துக் கேட்டேன்.

இந்த மாதிரி நோட்டீஸ்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது எலும்பு மஜ்ஜை அல்லது கொழுப்பு. ஆனால் "உன் செல்லிலேயே உன் வியாதிக்கு மருந்து" என்ற ஆசையை உலகம் பூராவும் கிளப்பி விட்ட ஊர் வேறு. அது தென்கொரியாவின் தலைநகர் சியோல். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதுவாகவும் மாறும் செல்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. தமிழில் உயிரணு என்பார்கள். தோலில் உள்ள செல் தோலாகவே இருக்கும். ஈரல் செல் ஈரலாகவே இருக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஆனால் கரு உண்டான ஐந்தாவது, ஆறாவது நாளில் நிலைமை வேறு. அப்போது அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்ன உருண்டை. நூறு, நூற்றைம்பது செல்தான் இருக்கும். அந்த உருண்டையின் உட்பக்கத்தில் இருக்கும் செல்கள் எதுவாகவும் மாறக்கூடியவை. நரம்பாகும், ரத்தமாகும், இதயத் தசையாகும். இவற்றுக்குத்தான் கரு ஸ்டெம் செல் என்று பெயர். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் 1998-ம் ஆண்டு மனிதக் கருவில் இருந்து இவற்றைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினார். அதற்கு எடுத்தது சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சையில் மிச்சமான கருக்கள்.

இதில் ஒரு சிக்கல். அடுத்தவர் கருவில் இருந்து வந்த செல்லை நம் உடம்பு சும்மா விடாது. பார்சல் ஆபீசில் மூட்டை மேல் உள்ள நம்பரும் ரசீதில் உள்ள நம்பரும் ஒத்துப் போகாவிட்டால் நாங்கள் டெலிவரி கொடுக்க மாட்டோம் அல்லவா? உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது. அது தன்னுடையது இல்லை என்றால் தாக்கி அழிக்கும். மாற்று சிறுநீரகம் வைத்துக் கொண்டவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவது இதனால்தான்.

அப்படியானால் நோயாளியின் அடையாளத்தோடேயே கரு ஸ்டெம் செல் செய்ய முடியுமா?

டாலி காட்டிய வழி

முடியலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது ஒரு செம்மறி ஆடு. ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் 1996-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி பிறந்தது டாலி. ஓர் ஆட்டின் மடியில் இருந்து ஒரு செல்லை எடுத்தார்கள். இன்னொரு ஆட்டின் முட்டையில் உள்ள உட்கருவை, அதாவது குடும்ப ரகசியம் எல்லாம் எழுதி வைத்திருக்கும் மையப் பகுதியை, உறிஞ்சி எடுத்து விட்டார்கள். காலியான முட்டைக்குள் மடி செல்லைச் சேர்த்து லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். முட்டை ஏமாந்து போய், கரு உண்டானதாக நினைத்துப் பிளவுபடத் தொடங்கியது. 277 முட்டைகளில் முயன்று பிழைத்தது ஒரே ஒரு குட்டி. நம் நாட்டிலும் அரியானா மாநிலம் கர்னாலில் 2009-ம் ஆண்டு இதே போன்ற முறையில் எருமைக் கன்றை உண்டாக்கி இருக்கிறார்கள்.

ஆட்டுக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்தால்? குழந்தை பெறுவதற்கு அல்ல. கருவை வயிற்றில் வைக்காமல், ஐந்தாறு நாள் வளர்ந்ததும் உள்ளே இருக்கும் செல்லை எடுத்துக் கொள்வது. அந்தச் செல்லில் இருப்பது நோயாளியின் அடையாளம். உடம்பு எதிர்க்காது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்த உருண்டை அதோடு அழிந்து விடும் என்பதை மறைத்து எழுதக் கூடாது. அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பல நாடுகளில் சண்டை நடந்ததும் இதனால்தான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த முட்டைகள் எங்கிருந்து வருகின்றன? கடையில் விற்பதில்லை. ஒரு பெண் பல நாள் ஊசி போட்டுக் கொண்டு, பிறகு நீண்ட ஊசியால் குத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாட்டு டாக்டர் மாவீரர் ஆனார்

ஹ்வாங் வூ சுக். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியர். ஏழை வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் தகப்பனாரை இழந்தவர். தாயார் மாடு வளர்த்துக் காப்பாற்றினார். விடியும் முன்பே எழுந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய் விடுவார் என்று பெயர். இப்படிப்பட்டவர் மேலே வந்தால் நமக்கே சந்தோஷமாக இருக்கும்.

2004-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், மனித செல்லை நகலெடுத்து கரு ஸ்டெம் செல் செய்து விட்டதாக அறிவித்தார். 242 முட்டைகளில் முயன்று ஒரு வரிசை செல் கிடைத்தது என்றார். 2005 மே மாதம் இன்னும் பெரிய அறிவிப்பு. முதுகுத் தண்டு அடிபட்டவர்கள், சிறு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்தவர்கள் என்று நோயாளிகளின் தோலில் இருந்தே 11 வரிசை செல்கள்! அதுவும் 185 முட்டைகளில். இரண்டும் 'சயின்ஸ்' என்ற பெயர் பெற்ற அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தன.

கொரியர்கள் எவர்சில்வர் குச்சியால் வழுக்கும் உணவை எடுத்துச் சாப்பிடுகிறவர்கள், அதனால்தான் கை இவ்வளவு நிதானம் என்று அவர் சொன்னது உலகப் பத்திரிகைகளில் வந்தது. அரசாங்கம் அவருக்கு "தலைசிறந்த விஞ்ஞானி" என்று பட்டம் கொடுத்தது. தபால் தலையும் போட்டார்கள். அதில் இருந்த படத்தைக் கேளுங்கள்: சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் எழுந்து, துள்ளி, தன்னவரைக் கட்டிப் பிடிக்கிறார்! அதைப் பார்த்த நோயாளிகளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? 2005 அக்டோபரில் சியோலில் ஸ்டெம் செல் மையம் திறந்தபோது, ஆயிரக்கணக்கான நோயாளிகள் பெயர் பதிந்தார்கள்.

ஒரு கடிதம்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் முன்பு வேலை பார்த்தவர் ரியூ யங் ஜூன் என்ற இளம் டாக்டர். 2004-ம் ஆண்டு கட்டுரையில் அவருக்கும் பங்கு உண்டு. பிறகு வேலையை விட்டு விலகி ஆஸ்பத்திரிக்குப் போய் விட்டார். 11 வரிசை என்ற செய்தியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியாதா?

ஆனால் அவரைத் தூங்க விடாமல் செய்தது வேறொன்று. முதுகுத் தண்டு அடிபட்ட 10 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்தச் செல்லைச் செலுத்திப் பரிசோதிக்க ஹ்வாங் திட்டமிட்டிருந்தார். செல்லே பொய் என்றால், பையன் உடம்பில் போகப் போவது என்ன? கரு ஸ்டெம் செல் கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்தால் கட்டி வரும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

2005 ஜூன் மாதம் எம்.பி.சி. டெலிவிஷனுக்கு ரியூ எழுதினார். நிருபர்கள் மாதக்கணக்கில் விசாரித்தார்கள். முதலில் வெளிவந்தது முட்டை விவகாரம். பணம் கொடுத்து முட்டை வாங்கியிருந்தார்கள். ஹ்வாங்கிடம் வேலை பார்த்த பெண்களே முட்டை கொடுத்திருந்தார்கள். அதிகாரி கேட்டால் கீழே இருப்பவர் எப்படி மறுப்பார்? ஆபீசில் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நவம்பர் மாதம் ஹ்வாங் இதை ஒப்புக் கொண்டார்.

நாடு யார் மேல் கோபப்பட்டது தெரியுமா? டெலிவிஷன் மேல்! விளம்பரக் கம்பெனிகள் அந்த நிகழ்ச்சியில் இருந்து விலகின. டெலிவிஷன் நிலையத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏந்திப் போராட்டம் நடந்தது. ஆயிரம் பெண்களுக்கு மேல் "எங்கள் முட்டையை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று முன்வந்தார்கள்.

ஆனால் டிசம்பர் மாதம் இளம் விஞ்ஞானிகள் சிலர் கட்டுரையில் உள்ள போட்டோக்களைக் கூர்ந்து பார்த்தார்கள். வேறு வேறு நோயாளியின் செல் என்று போட்டிருந்த படங்களில் சில ஒரே படம்! ஒன்றையே இரண்டு இடத்தில் போட்டிருந்தார்கள். அதன் பிறகு கதை தாங்கவில்லை.

பல்கலைக்கழகம் கமிட்டி போட்டது. 2006 ஜனவரி 10-ந் தேதி அறிக்கை வந்தது. 11 வரிசையும் இல்லை. இருந்த இரண்டும் நோயாளிகளின் நகல் அல்ல. ஓர் ஆஸ்பத்திரியில் சாதாரணமாகக் கருத்தரித்த கருவில் இருந்து வந்தவை. 2004-ல் சொன்னதும் பொய். 100-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இருந்து 2,000-க்கும் அதிகமான முட்டைகள் வாங்கப்பட்டிருந்தன. ஊசி மருந்தால் உடம்பு கெட்டு வைத்தியம் பார்த்துக் கொண்ட பெண்களும் அவர்களில் உண்டு. கையில் வந்தது பூஜ்யம்.

'சயின்ஸ்' பத்திரிகை இரு கட்டுரைகளையும் வாபஸ் வாங்கியது. ஆஸ்பத்திரி செல்லை ரகசியமாகக் கலந்தது கூட இருந்த ஓர் ஆராய்ச்சியாளர் என்று அரசுத் தரப்பு விசாரணையில் தெரிய வந்தது. ஹ்வாங் அந்த வகையில் தானும் ஏமாந்தவர்தான். ஆனால் இல்லாத புள்ளிவிவரத்தை இருப்பதாக எழுத வைத்தவர் அவரே. ஆராய்ச்சிப் பணத்தைக் கையாடியதற்கும் முட்டை விவகாரத்துக்கும் 2009-ம் ஆண்டு கோர்ட்டு அவருக்குச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. அவர் செய்ததில் மெய்யானது ஒன்று உண்டு. 2005-ல் பிறந்த ஸ்னப்பி என்ற நாய்க்குட்டி. உலகின் முதல் நகல் நாய். பின்னாளில் நாய், ஒட்டகம் என்று நகலெடுப்பதையே தொழிலாக வைத்துக் கொண்டார்.

உண்மை சொன்ன ரியூவுக்கு ஆஸ்பத்திரி வேலை போயிற்று. மாதக்கணக்கில் மறைந்து வாழ்ந்தார். 2014-ல்தான் அவர் வெளிப்படையாகப் பேசினார். அந்தச் சிறுவனுக்கு நடக்க இருந்த பரிசோதனை நடக்கவில்லை.

காபி கொடுத்த வெற்றி

அப்படியானால் இது நடக்கவே நடக்காதா? நடந்தது. ஆனால் எட்டு வருஷம் கழித்து.

ஷூக்ரத் மித்தலிபோவ் சோவியத் நாட்டில், கசகஸ்தானில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போனவர். அவர் அவசரப்படவில்லை. முதலில் குரங்கு. 2007-ம் ஆண்டு 304 குரங்கு முட்டைகளில் இரண்டு வரிசை செல் கிடைத்தது. சியோல் விவகாரத்துக்குப் பிறகு யாரும் யாரையும் நம்பத் தயாராக இல்லை. எனவே ஆஸ்திரேலியாவில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் சோதித்து "நிஜம்தான்" என்று சொன்ன பிறகே பத்திரிகை அதைப் போட்டது.

பிறகு மனித முட்டை. அது குரங்கு முட்டையை விடத் தொட்டாற்சிணுங்கி. ஊசி பட்டதும் நேரத்துக்கு முன்பே விழித்துக் கொண்டு வேலையைத் தொடங்கி விடும். எல்லாம் கெட்டு விடும். அதை அமைதியாக வைத்திருக்க ஒரு மருந்து உதவியது. என்ன மருந்து? நம் காபியில் இருக்கிற காபின்! நம்மை எழுப்பும் காபின் முட்டையை நிறுத்தி வைக்கிறது. 2013 மே மாதம் மனித நகல் கருவில் இருந்து ஸ்டெம் செல் வந்து விட்டதாக மித்தலிபோவ் குழு அறிவித்தது. பரம்பரை நோய் உள்ள ஒரு கைக்குழந்தையின் தோலில் இருந்தும் செய்திருந்தார்கள்.

சில நாளிலேயே அந்தக் கட்டுரையிலும் படக் குளறுபடி கண்டுபிடித்தார்கள்! எல்லாருக்கும் மார்பு படபடத்தது. இந்த முறை அது அவசரத்தில் நேர்ந்த தவறுதான். 2014 ஏப்ரலில் வேறு இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதே வேலையைச் செய்து காட்டின. ஒன்று 35 வயது, 75 வயது ஆண்கள் இருவரின் தோலில் இருந்து செய்தது. மற்றது நியூயார்க்கில், சர்க்கரை வியாதி உள்ள 32 வயதுப் பெண்ணின் தோலில் இருந்து. அந்தச் செல்லை இன்சுலின் சுரக்கும் செல்லாகவும் மாற்றினார்கள்.

ஹ்வாங் சொன்னது அத்தனையும் இப்போது மெய்யாகி விட்டது. ஆனால் கைதட்ட ஆள் குறைவு. ஏனென்றால், அதற்குள் ஜப்பானில் ஒருவர் முட்டையே வேண்டாத வழியைக் கண்டுபிடித்து விட்டார்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா. தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தினார். அது பின்னோக்கிப் போய், எதுவாகவும் மாறும் செல் ஆகி விட்டது! 2006-ல் எலிக்கு, 2007-ல் மனிதனுக்கு. கருவும் இல்லை, பெண்ணைக் குத்தவும் வேண்டாம். 2012-ம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும், 1962-லேயே தவளையில் இதற்கு அடிப்படை போட்ட இங்கிலாந்து நாட்டு ஜான் கர்டனுக்கும் கிடைத்தது.

நோயாளிக்கு வந்து சேர்ந்ததா?

அண்ணாச்சிக்கு வேண்டியது இந்தப் பதில்தான். வந்திருக்கிறது, சொட்டுச் சொட்டாக.

2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், பார்வை மங்கிய 70 வயது கடந்த மூதாட்டிக்கு அவருடைய தோலில் இருந்தே செய்த விழித்திரைப் படலத்தை வைத்தார்கள். உடம்பு எதிர்க்கவில்லை. பார்வை கூடவும் இல்லை. மேலும் கெடாமல் நின்றது. இரண்டாவது நோயாளிக்குச் செய்த செல்லில் மரபணுக் கோளாறு தெரிந்ததால் நிறுத்தி விட்டார்கள். ஒருவருக்காக மட்டும் செல் தயாரிக்க மாதக்கணக்கும் ஏராளமான பணமும் ஆனது. எனவே, பலருக்கும் ஓரளவு பொருந்தும் செல்லை முன்கூட்டியே செய்து வைக்கும் பக்கம் திரும்பினார்கள்.

சீனாவின் தியான்ஜின் நகரில் சர்க்கரை வியாதி உள்ள 25 வயதுப் பெண்ணுக்கு, அவர் செல்லில் இருந்தே செய்த இன்சுலின் செல்களை வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. இந்தச் செய்தி 2024-ல் வந்தது. கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்காக அவர் ஏற்கனவே எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தவர். எனவே சொந்தச் செல் என்பதன் பலன் எவ்வளவு என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

முதுகுத் தண்டு? டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகம் நான்கு பேருக்குச் செய்து பார்த்தது. 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள். ஆபத்து இல்லை, இருவருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் எழுந்து நின்று நடக்கப் பழகுகிறார். ஆனால் அவர்கள் அடிபட்டுச் சில வாரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்கள். செல்லும் அவர்களுடையது அல்ல, வேறொருவர் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, நோட்டீசில் உள்ள நம்பருக்குப் போன் செய்து பெறும் விஷயம் அல்ல.

நம் நாட்டுச் சட்டதிட்டம் என்ன என்றும் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிமுறையில், ரத்த சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் அங்கீகரித்த ஸ்டெம் செல் சிகிச்சை. மனிதனை நகலெடுத்துப் பிள்ளை பெறுவது தடை. மற்ற எதற்கு ஸ்டெம் செல் செலுத்தினாலும், அது அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் அதன் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. மூன்று லட்சம் கேட்கும்போதே விஷயம் விளங்கி விட்டது.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, சியோல் கதையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனையை விற்க வேண்டாம் என்றும், பையனுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்ப்பதும், பெரியாஸ்பத்திரி தசைப் பயிற்சியை விடாமல் செய்வதும் முக்கியம் என்று அந்த டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கிளாசைப் பார்த்துக் கொண்டே இருந்தார்.

"அந்தக் கொரியாக்காரப் பையனுக்கு ஊசி போட்டுட்டாங்களா தம்பி?"

"இல்லை அண்ணாச்சி. அதுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டாரு."

"நல்ல வேளை" என்றார். நோட்டீசை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டார். "டாக்டர் பேரை எழுதிக் குடுங்க. மருமவளை விட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். சென்னை வண்டி பிளாட்பாரத்துக்கு வரும் நேரம் ஆகி விட்டது. இரண்டு பேரும் எழுந்து போனோம்.